அயோவா காக்கஸ் முடிவுகள்: எப்படி எண்ணுகிறார்கள், எப்படி அறிவிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் ஆண்டு பிறந்ததும் அயோவா என்ற மாநிலத்தின் பெயர் செய்திகளில் அடிபடும். கூடவே குழப்பங்களும் வரும். ஜெயித்தவர் என்று அறிவிக்கப்பட்டவர் இரண்டு வாரம் கழித்துத் தோற்றுப்போனார், ஒரு கட்சி மறுநாள் வரை முடிவே சொல்லவில்லை, ஒரே போட்டியில் இரண்டு பேர் வென்றதாகச் சொல்லிக்கொண்டார்கள். இதெல்லாம் உண்மையாகவே நடந்தவை. இவற்றைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

காக்கஸ் என்றால் என்ன? பிரைமரியும் அதுவும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டின் நோக்கமும் ஒன்று: அதிபர் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களே தேர்ந்தெடுப்பது. நடத்துபவர்தான் வேறு. பிரைமரியைப் பெரும்பாலும் மாநில அரசு நடத்தும். வாக்குச்சாவடி, நாள் முழுக்க வாக்குப்பதிவு, தபால் வாக்கு, தேர்தல் அலுவலர்கள் என எல்லாம் உண்டு.

காக்கஸ் ஒரு கட்சிக் கூட்டம். ஒரு பகுதியில் இருக்கும் கட்சிக்காரர்கள் ஒரு குறிப்பிட்ட மாலையில் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலோ, சர்ச் ஹாலிலோ, நூலகத்திலோ கூடுவார்கள். இடம் பிடிப்பது, படிவம் அச்சடிப்பது, எண்ணுவது, முடிவை அறிவிப்பது அத்தனையும் கட்சியின் பொறுப்பு. நடத்துபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பலருக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் வேலை இது. அரசுத் தேர்தல் அலுவலகம் முடிவைச் சரிபார்ப்பதும் இல்லை, சான்று கொடுப்பதும் இல்லை. பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம் இதுதான்.

எத்தனை இடங்களில் நடக்கும்?

அயோவாவில் 99 கவுண்டிகள் (நம் மாவட்டம் மாதிரி). அவற்றுக்குள் ஏறக்குறைய 1,700 வட்டாரங்கள். நம் ஊர் பூத் எல்லை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் கூட்டம் மாலை 7 மணிக்குத் தொடங்கும். சின்ன ஊர்களில் பல வட்டாரங்களை ஒரே பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு வகுப்பறையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

யாரெல்லாம் கலந்துகொள்ளலாம்?

அந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். அன்று மாலையே வாசலில் பதிந்துகொள்ளலாம், கட்சி மாறியும் பதியலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிரம்பப்போகிற 17 வயதுக்காரர்களுக்கும் அனுமதி உண்டு.

குடியரசுக் கட்சி எப்படி எண்ணுகிறது?

இவர்களுடைய முறை எளிது. ஒவ்வொரு வேட்பாளர் சார்பிலும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுவார். பிறகு எல்லோருக்கும் சீட்டு கொடுப்பார்கள். பிடித்தவர் பெயரை எழுதி மடித்துப் போட வேண்டியதுதான். பெட்டியோ வாளியோ, கைக்கு அகப்பட்டது எதுவோ அதில் விழும். அங்கேயே, எல்லோர் கண் முன்னாலும் சீட்டுகளைப் பிரித்து எண்ணுவார்கள். வேட்பாளர்களின் ஆட்களும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். எண்ணி முடித்ததும் கூட்டத்தில் உரக்க வாசித்துவிட்டு, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாநிலத் தலைமைக்கு அனுப்புவார்கள். ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. மாநிலம் முழுக்கக் கூட்டினால் முடிவு.

ஜனநாயகக் கட்சியின் கணக்கு மட்டும் ஏன் அவ்வளவு சிக்கல்?

2020 வரை இருந்த முறையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

இங்கே ரகசிய வாக்கு கிடையாது. வேட்பாளர் வாரியாக அறையின் மூலைகளில் போய் நிற்க வேண்டும். இன்னாருக்கு நிற்பவர்கள் இந்தப் பக்கம், அன்னாருக்கு நிற்பவர்கள் அந்தப் பக்கம். தலைகளை எண்ணுவார்கள். பல இடங்களில் வரிசையாக 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டே போவார்கள். இது முதல் சுற்று.

அடுத்து, தகுதி வரம்பு. அடுத்த கட்டமான கவுண்டி மாநாட்டுக்கு ஒவ்வொரு வட்டாரமும் பிரதிநிதிகளை அனுப்பும். வட்டாரத்துக்கு நான்கோ அதற்கு மேலோ பிரதிநிதிகள் என்றால், வந்தவர்களில் 15% பேராவது ஓர் அணியில் இருக்க வேண்டும். மூன்று பிரதிநிதிகள் உள்ள இடத்தில் ஆறில் ஒரு பங்கு, இரண்டு உள்ள இடத்தில் 25%. வரம்பைத் தொடாத அணியில் இருப்பவர்கள் வேறு அணிக்குப் போகலாம், தங்களைப் போல் வரம்பை எட்டாத இன்னோர் அணியோடு சேர்ந்து தேறப் பார்க்கலாம், எதுவும் வேண்டாம் என்று வீட்டுக்கும் போகலாம். இந்த நேரத்தில்தான் அறை சந்தைக்கடை ஆகும். பக்கத்து வீட்டுக்காரரே கையைப் பிடித்து இழுப்பார். எல்லோரும் நகர்ந்து முடித்ததும் மறுபடி எண்ணிக்கை. அது இறுதிச் சுற்று.

ஓர் உதாரணம். ஒரு வட்டாரத்துக்கு 6 பிரதிநிதிகள். வந்தவர்கள் 100 பேர். முதல் சுற்றில் அ அணியில் 38, ஆ அணியில் 27, இ அணியில் 20, ஈ அணியில் 11, உ அணியில் 4. வரம்பு 15 பேர். ஈ, உ இரண்டும் தேறவில்லை.

அந்த 15 பேரும் பிரிந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் அ பக்கம், ஐந்து பேர் ஆ பக்கம், நான்கு பேர் இ பக்கம். இப்போது 44, 32, 24. ஒவ்வொன்றையும் 6 ஆல் பெருக்கி 100 ஆல் வகுத்தால் 2.64, 1.92, 1.44. அரைக்கு மேல் இருந்தால் மேலே ஏற்றி, கீழே இருந்தால் இறக்கினால் 3, 2, 1. மொத்தம் 6. கணக்கு சரி.

அதே 15 பேர் பிரியாமல் ஈ என்ற ஒரே வேட்பாளர் பின்னால் நின்றால்? சரியாக 15, வரம்பைத் தொட்டாயிற்று. இப்போது 38, 27, 20, 15. வகுத்தால் 2.28, 1.62, 1.2, 0.9. முழு எண்ணாக்கினால் 2, 2, 1, 1. அதாவது உ அணியின் நான்கு பேர் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்பதைப் பொறுத்து அ வேட்பாளருக்கு மூன்று கிடைக்கலாம், இரண்டும் கிடைக்கலாம். இன்னொரு வேடிக்கை, ஆ அணிக்கு ஐந்து பேர் கூடுதலாக வந்தாலும் வராவிட்டாலும் அதே இரண்டுதான்.

இதை இரவு எட்டரை மணிக்கு, நூறு பேர் சத்தம் போடும் அறையில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ கல்லூரி மாணவர் ஒருவரோ காகிதத்தில் போட்டு முடிக்க வேண்டும்.

காசு சுண்டி முடிவு செய்வார்களாமே?

ஆமாம், ஆனால் எப்போது என்பதுதான் முக்கியம். மேலே சொன்ன முழு எண்ணாக்கலில் மொத்தம் சில சமயம் கூடிப்போகும். ஒரு வட்டாரத்துக்கு 5 பிரதிநிதிகள், இரண்டே அணிகள், இரண்டிலும் 30 பேர். ஆளுக்கு 2.5. இரண்டையும் மேலே ஏற்றினால் 6 வந்துவிடும். ஒன்றைக் குறைக்க வேண்டும், தசமம் இரண்டும் சமம். அப்போதுதான் காசு சுண்டுவார்கள்.

2016இல் ஹில்லாரி கிளின்டனுக்கும் பெர்னி சாண்டர்ஸுக்கும் இடையே போட்டி கடுமையாக இருந்தபோது காசு சுண்டும் வீடியோக்கள் பரவி, 'நாணயத்தால் ஜெயித்தார்' என்று பேச்சு எழுந்தது. அது மிகை. ஒருமுறை சுண்டுவதால் மாறுவது கவுண்டி மாநாட்டுக்கான ஒரே ஒரு பிரதிநிதி. மாநிலக் கணக்கில் அது புள்ளி வைத்த சின்ன பின்னம்தான்.

எஸ்.டி.இ. என்று ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

மாநிலப் பிரதிநிதிகளுக்கு ஈடான எண்ணிக்கை (State Delegate Equivalent). காக்கஸில் தேர்வாகும் பிரதிநிதிகள், கட்சி வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுக்கு நேரே போவதில்லை. முதலில் கவுண்டி மாநாடு, பிறகு தொகுதி மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாக வடிகட்டப்படுவார்கள். அந்தப் படிகள் முடிய மாதக்கணக்கில் ஆகும். காக்கஸ் இரவே ஏதாவது சொல்லியாக வேண்டுமே. அதனால், கவுண்டி அளவில் கிடைத்த பிரதிநிதிகள் மாநில மாநாட்டில் எத்தனை பேருக்குச் சமம் என்று 2020 வரை விகிதம் போட்டுச் சொன்னார்கள். ஒரு கவுண்டி மாநாட்டில் 120 பேர் உட்கார்ந்து மாநில மாநாட்டுக்கு 12 பேரை அனுப்புவதாக இருந்தால், கவுண்டிப் பிரதிநிதி ஒருவரின் மதிப்பு 0.1. நம் உதாரணத்து அ வேட்பாளரின் 3 பேர், 0.3 ஆகிவிடுவார்கள்.

அதனால்தான் 2016 முடிவு கிளின்டனுக்கு 700.47, சாண்டர்ஸுக்கு 696.92 என்று வந்தது. அவை வாக்குகள் அல்ல. அன்று உண்மையில் எத்தனை பேர் யாருக்கு நின்றார்கள் என்பதைக் கட்சி வெளியிடவே இல்லை. சாண்டர்ஸ் தரப்பு கேட்டும் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பது முந்தைய பொதுத் தேர்தல்களில் அங்கே கட்சி வாங்கிய வாக்குகளை வைத்து முன்கூட்டியே முடிவானது. அன்று இரவு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கல்லூரி நகரம் ஒன்றில் இரண்டு மடங்கு கூட்டம் வந்தாலும் அதே எண்ணிக்கைதான். ஆக, ஆதரவாளர்கள் ஓரிடத்தில் குவிந்திருப்பவருக்கு நஷ்டம், மாநிலமெங்கும் பரவி இருப்பவருக்கு லாபம்.

2020இல் வென்றது யார்?

எந்த எண்ணைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக முதல் சுற்று, இறுதிச் சுற்று, எஸ்.டி.இ. என மூன்றையும் வெளியிட்டார்கள். 2016 சர்ச்சைக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. முதல் சுற்றில் சாண்டர்ஸ் சுமார் 6,000 பேர் அதிகம். இறுதிச் சுற்றிலும் அவரே சுமார் 2,400 பேர் அதிகம். எஸ்.டி.இ. கணக்கில் பீட் புட்டிஜெஜ் 26.2%, சாண்டர்ஸ் 26.1%. தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகளில் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12.

இருவரும் தாங்களே வென்றதாகச் சொன்னார்கள். அவரவர் எண்ணுக்கு அவரவர் சொன்னது சரிதான். எண்களில் இத்தனை பிழைகள் (கீழே பார்ப்போம்) இருக்கும்போது வெற்றியாளரைச் சொல்ல முடியாது என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. என்னைக் கேட்டால் அன்று எடுக்கப்பட்ட முடிவுகளில் அதுதான் உருப்படியானது.

அந்த இரவு ஆப் என்னதான் ஆயிற்று?

2020 பிப்ரவரி 3. வட்டாரத் தலைவர்கள் முடிவை அனுப்ப ஷேடோ என்ற நிறுவனம் செய்த புதிய ஆப் கொடுக்கப்பட்டிருந்தது. கடைசி நேரத்தில் தயாரானது, மாநில அளவில் சரியாகச் சோதிக்கப்படவில்லை. பலருக்கு அதை இறக்கிக்கொள்ளவே முடியவில்லை, இறக்கியவர்களில் பலர் உள்ளே நுழைய முடியவில்லை. முடியாதவர்கள் போன் செய்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ததால் லைன் கிடைக்கவில்லை. போதாததற்கு அந்த எண் இணையத்தில் வெளியாகி, சம்பந்தமில்லாதவர்களும் கூப்பிட்டு லைனை அடைத்தார்கள்.

ஆப் வழியாக வந்து சேர்ந்த தகவலிலும் கோளாறு. உள்ளே பதிந்தது முழுசாக இருந்தும், வெளியே வரும்போது ஒரு பகுதி மட்டும் வந்தது. நிரலில் இருந்த பிழை அது. ஆப் தந்த எண்களும் படிவத்தின் படங்களும் ஒத்துப்போகாததைக் கண்டு தலைமை முடிவுகளை நிறுத்தி வைத்தது.

ஒரு காட்சி. ஸ்டோரி கவுண்டியில் ஒரு வட்டாரச் செயலாளர் ஒரு மணி நேரத்துக்கு மேல் லைனில் காத்திருந்தார். அப்படியே சி.என்.என். நேரலையிலும் பேசிக்கொண்டிருந்தார். பேசும்போதே கட்சித் தலைமை லைனுக்கு வந்துவிட்டது. அவர் தொலைக்காட்சியிடம் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். நாடே பார்த்தது.

முதல் தொகுதி முடிவுகள், அதுவும் 62% வட்டாரங்களுடையவை, மறுநாள் மாலைதான் வந்தன. மாநிலக் கட்சித் தலைவர் டிராய் பிரைஸ் அந்த மாதமே பதவி விலகினார். அதே ஆப்பைப் பயன்படுத்த இருந்த நெவாடா மாநிலக் கட்சி உடனே அதைக் கைவிட்டது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைகளுக்குள் எண்ணிக்கை பெரும்பாலும் ஒழுங்காகவே முடிந்திருந்தது. மக்கள் முடிவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அறையில் இருந்து மாநிலத் தலைநகர் டெ மொய்னில் உள்ள கட்சித் தலைமையகத்துக்குப் போகிற வழியில்தான் எல்லாம் கெட்டது. காக்கஸ் சர்ச்சைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இதே இடத்தில்தான் ஓட்டை இருக்கும்.

ஆப் போனாலும் காகிதம் இருந்ததா?

இருந்தது, நல்லவேளை. 2020இல் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் முதல் சுற்றுத் தேர்வு, மறு பக்கத்தில் இறுதிச் சுற்றுத் தேர்வு, கையெழுத்து. அதோடு வட்டாரத்தின் கணக்குத் தாளும் உண்டு. அந்தக் காகிதங்களை வரவழைத்துத்தான் முடிவையே தேற்றினார்கள்.

கணக்குத் தாளில் கூட்டல் தப்பாக இருந்தால் திருத்துவார்களா?

இங்கேதான் பலருக்கு எரிச்சல் வந்தது. முடிவுகள் வெளியானதும் பத்திரிகைகள் உட்கார்ந்து சரிபார்த்தன. நியூயார்க் டைம்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களில் முரண்பாடு இருப்பதாக எழுதியது. முதல் சுற்றைவிட இறுதிச் சுற்றில் ஆட்கள் கூடியிருந்தார்கள் (கணக்குப்படி அது நடக்கவே முடியாது), கொடுக்க வேண்டியதைவிட அதிகப் பிரதிநிதிகள் கொடுக்கப்பட்டிருந்தார்கள், இப்படி.

கட்சியின் வழக்கறிஞர் சொன்ன பதில்: கையெழுத்தாகி வந்த தாள் அந்தக் கூட்டத்தின் அதிகாரபூர்வப் பதிவு, கூட்டல் தப்பாக இருந்தாலும் கட்சி அதை மாற்றக் கூடாது, மாற்றுவது சட்ட விரோதம். கேட்க அபத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்தால், கூட்டம் கலைந்த பிறகு தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எண்களைத் திருத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் அது இதைவிட ஆபத்து. எனக்கு இதில் கட்சியின் பக்கம்தான் சாய்வு.

வேறு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மறு சரிபார்ப்பு, அதாவது கணக்குத் தாளில் இருப்பதும் அறிவித்ததும் ஒன்றா என்று பார்ப்பது. இன்னொன்று மறு எண்ணிக்கை, அட்டைகளையே எடுத்துத் திரும்ப எண்ணுவது. மறு சரிபார்ப்பு முடிந்தபோது புட்டிஜெஜுக்கு 563.207, சாண்டர்ஸுக்கு 563.127. வித்தியாசம் 0.08. சில வட்டாரங்களில் மறு எண்ணிக்கை நடந்த பின்னும் முன்னிலை புட்டிஜெஜிடமே நின்றது.

2012இல் ஜெயித்தவர் மாறியது எப்படி?

இது குடியரசுக் கட்சியின் கதை. ஜனவரி 3 இரவு மிட் ராம்னிக்கு 30,015, ரிக் சான்டோரத்துக்கு 30,007. எட்டே வாக்கில் ராம்னி முன்னிலை என்று நடுநிசி தாண்டி மாநிலக் கட்சித் தலைவர் மேட் ஸ்ட்ரான் அறிவித்தார். அந்த எண்கள் வட்டாரங்கள் அன்றிரவு அனுப்பிச் சேர்ந்தவை. கையெழுத்திட்ட அசல் படிவங்கள் வந்து சேர இரண்டு வாரக் கெடு இருந்தது.

படிவங்களை வைத்துக் கூட்டியபோது சான்டோரம் 29,839, ராம்னி 29,805. முப்பத்து நான்கு வாக்கில் ஆள் மாறிவிட்டார். எட்டு வட்டாரங்களின் படிவங்கள் கடைசிவரை வரவே இல்லை. அதனால் கட்சி முதலில் யாரையும் வெற்றியாளர் என்று சொல்லத் தயங்கியது. பிறகு சான்டோரம் என்றது. அந்த மாத இறுதியில் ஸ்ட்ரான் பதவி விலகல் அறிவிப்பு வந்தது.

முப்பத்து நான்கு வாக்குகள் அற்பம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 'அயோவாவில் வென்றவர்' என்ற பெயரோடு ராம்னி ஜனவரி 10 அன்று அடுத்த போட்டியான நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியைச் சந்தித்து அங்கும் வென்றார். சான்டோரம்தான் முந்தினார் என்ற செய்தி ஜனவரி 19 அன்று வந்தபோது தென் கரோலினா வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அயோவா வெற்றியால் கிடைக்கிற லாபமே அந்த ஒரு வாரத்துப் பேச்சும் அதனால் வரும் நன்கொடையும்தான். அதைச் சான்டோரம் அனுபவிக்கவே இல்லை.

சரி, வென்ற சான்டோரத்துக்குப் பிரதிநிதிகளாவது கிடைத்தார்களா?

அதுவும் இல்லை! அப்போது அயோவா குடியரசுக் கட்சிக் காக்கஸின் சீட்டு எண்ணிக்கை பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. சீட்டுப் போட்டதும் பெரும்பாலானோர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட, மூன்றாவது இடத்தில் இருந்த ரான் பாலின் ஆட்கள் பொறுமையாக உட்கார்ந்து அடுத்த கட்ட மாநாடுகளுக்குத் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் டாம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் அயோவாவின் 28 வாக்குகளில் 22 ரான் பாலுக்கு விழுந்தது.

இந்த ஓட்டையை 2016இல் அடைத்துவிட்டார்கள். இப்போது பிரதிநிதிகள் காக்கஸ் வாக்கின் விகிதப்படி பிரிக்கப்படுகிறார்கள்.

'எல்லா வட்டாரமும் எண்ணியாயிற்று' என்று போட்டால் அதுதானே இறுதி?

காக்கஸில் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன எட்டு வட்டாரங்களே சாட்சி. இன்னோர் உதாரணம் மெய்ன் மாநிலம், அதே 2012. அங்கே அப்போது காக்கஸ் ஒரே நாளில் நடக்கவில்லை. பிப்ரவரி 11 அன்று ராம்னி 194 வாக்கில் வென்றார் என்று கட்சி அறிவித்துவிட்டது. ஆனால் பனிப்புயல் எச்சரிக்கையால் வாஷிங்டன் கவுண்டியில் கூட்டமே தள்ளிப்போயிருந்தது. அங்கே நடக்காததை விட்டுவிட்டு வெற்றியை அறிவித்தது ஏன் என்று ரான் பால் தரப்பு கொதித்தது. நியாயமான கேள்வி.

2024இல் அரை மணி நேரத்திலேயே டிரம்ப் வென்றதாக எப்படிச் சொன்னார்கள்?

ஜனவரி 15, மாலை 7 மணிக்குக் கூட்டம் தொடக்கம், 7.31க்கு அசோசியேட்டட் பிரஸ் அறிவிப்பு. எடுத்திருந்த வாக்காளர் கணக்கெடுப்பையும் முதலில் வந்த சில கவுண்டிகளின் எண்களையும் பார்த்ததும் வேறு யாரும் எட்டிப்பிடிக்க வழியில்லை என்று தெரிந்துவிட்டது. இறுதியில் டிரம்ப் 51%, ரான் டிசான்டிஸ் 21%, நிக்கி ஹேலி 19%. கணிப்பு தப்பவில்லை.

ஆனால் பல அறைகளில் அப்போது பேச்சுகூட முடிந்திருக்கவில்லை. கையில் சீட்டை வைத்துக்கொண்டிருந்தவர்களின் செல்போனில் 'டிரம்ப் வெற்றி' என்று செய்தி வந்தது. டிசான்டிஸ் தரப்பு கடுமையாகக் கண்டித்தது. பிரைமரியில் வாக்குச்சாவடி மூடும்வரை காத்திருப்பார்கள். காக்கஸில் 'மூடும் நேரம்' என்று ஒன்று கிடையாது, தொடங்கும் நேரம் மட்டும்தான் உண்டு. விதியை மீறவில்லை என்றாலும் அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்.

அந்தப் போட்டியில் விவேக் ராமசாமி எவ்வளவு வாங்கினார்?

7.7%, நான்காம் இடம், மூன்று பிரதிநிதிகள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்பதால் நம் ஆட்கள் அதிகம் தேடிய எண் இது. அன்றிரவே போட்டியில் இருந்து விலகி டிரம்புக்கு ஆதரவு சொல்லிவிட்டார்.

யாருமே வேண்டாம் என்றும் நிற்கலாமா?

ஜனநாயகக் கட்சியின் பழைய முறையில் 'இன்னும் முடிவு செய்யாதோர்' என்று தனி அணியே இருந்தது. 1976இல் அந்த அணிதான் சுமார் 37% வாங்கி முதலிடம். ஜிம்மி கார்ட்டருக்கு 28% அளவில்தான். செய்தியாளர்கள் பெயருள்ள வேட்பாளர்களில் முதலில் வந்தவர் என்று கார்ட்டரை வெற்றியாளராக எழுதினார்கள், அவர் வெள்ளை மாளிகை வரை போய்விட்டார். முடிவை எண்ணுபவரைவிட அதைத் தலைப்பாக்குபவருக்குப் பலம் அதிகம் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

வேட்பாளர் தேர்வு வரிசையில் அயோவாவுக்கு ஏன் முதல் இடம் கிடைத்தது?

1972இல் ஜனநாயகக் கட்சியின் புதிய விதிகளால் ஒவ்வொரு கட்ட மாநாட்டுக்கும் இடையே கால அவகாசம் தேவைப்பட்டது. பின்னாலிருந்து தேதி போட்டுக்கொண்டே வந்ததில் காக்கஸ் ஜனவரியில் விழுந்தது. கட்சி அலுவலகத்துச் சைக்ளோஸ்டைல் மிஷின் மெதுவாக ஓடியதும் ஒரு காரணம் என்று அங்கே சொல்வார்கள்.

ஜனநாயகக் கட்சி இப்போதும் மூலையில் நிற்க வைக்கிறதா?

2024இல் இல்லை. ஜனவரி 15 கூட்டத்தில் கட்சி வேலைகள் மட்டும் நடந்தன. அதிபர் வேட்பாளர் தேர்வை அட்டை வழியாகத் தபாலில் வாங்கி, மார்ச் 5 அன்று முடிவை வெளியிட்டார்கள். பைடனுக்கு எதிராகப் பெரிய போட்டி இல்லாததால் யாரும் அதிகம் கவனிக்கவில்லை. முதல் இடமும் தென் கரோலினாவுக்குப் போய்விட்டது.

நெவாடாவில் ஒரே வாரத்தில் இரண்டு முடிவு வந்ததே?

2024இல் நெவாடா அரசு சட்டப்படி பிப்ரவரி 6 அன்று பிரைமரி நடத்தியது. குடியரசுக் கட்சியோ நாங்கள் காக்கஸ்தான் நடத்துவோம், பிரதிநிதிகளும் அதன்படிதான் என்று பிப்ரவரி 8 அன்று தனியாக நடத்தியது. டிரம்ப் காக்கஸில் மட்டும், ஹேலி பிரைமரியில் மட்டும். எதிரில் யாரும் பெரிதாக இல்லாத பிரைமரியில் ஹேலி, 'இவர்களில் எவரும் இல்லை' என்ற கட்டத்திடம் தோற்றார். அதற்கு 60%க்கு மேல் விழுந்தது.

2024இல் டிரம்ப் 99 கவுண்டிகளையும் வென்றாரா?

98. ஜான்சன் கவுண்டி மட்டும் ஹேலிக்கு, 1,271க்கு 1,270 என்று ஒரே வாக்கில். அயோவா பல்கலைக்கழகம் இருக்கும் கவுண்டி அது. பிரதிநிதிகள் மாநிலம் முழுமைக்குமான விகிதத்தில் பிரிக்கப்படுவதால், அந்த ஒரு வாக்கு எந்தப் பக்கம் விழுந்திருந்தாலும் டிரம்புக்கு 20, ஹேலிக்கு 8 என்ற கணக்கு மாறியிருக்காது.